பாயின் பெட்டியில் மாறிய வரி

சலாவுதீன் பாய் இறந்த செய்தியை என்னோடு வேலை பார்க்கும் தேவராஜ்தான் ஃபோனில் சொன்னான். "பாய் போய்ட்டாரு சுமதி. புதுவாயல்ல கம்பெனி பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தாராம். அப்டியே சாஞ்சிட்டாரு." அப்போது நான் காக்களூரில், எங்கள் கம்பெனியின் ஆய்வு அறைக் கணினியில் என் இணையப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்தின் ஓரத்தில் பாயின் பெட்டி. அதில் காலையில் அவர் எழுதிய வரி அப்படியே இருந்தது: "புதுவாயலில் நிற்கிறேன். பஸ் இன்னும் வரவில்லை."

இதைப் படிப்பவர்களில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டிக்கு மாறிப் போகும்வரை பாய் எங்கள் பிளாஸ்டிக் யூனிட்டில் அச்சுகளைப் பழுது பார்த்தவர். பேச்சு கொஞ்சம், அதில் முக்கால்வாசி கிண்டல். தனக்கென்று ஒரு இணையப் பக்கம் வைத்து, தான் எங்கே இருக்கிறேன் என்று தினமும் ஒரு வரி போடுவார். நானும் ஆசைப்பட்டு ஒரு பக்கம் தொடங்கி, அவருடைய வரியைத் தினமும் அதில் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு? ஒரு ஐஃபிரேம் போடு. நான் எங்க ஊட்டுல மாத்துனா உங்க ஊட்டுல தானா மாறும்."

போட்டேன். ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஒரு வரி நிரல் அது. பெட்டி வந்தது, அதற்குக் கீழே நான் எழுதியிருந்த எல்லாம் காணாமல் போனது. ஐஃபிரேமைத் திறக்கும் குறியைப் போட்டவள் மூடும் குறியை மறந்திருக்கிறேன். பாய் திரையைப் பார்த்து, "தொறந்தத மூடாம உட்டா பின்னாடி வர்றத எல்லாம் முழுங்கிடும்" என்று மூடும் குறியைச் சேர்த்தார். என் எழுத்து திரும்பி வந்தது. பிறகு சொன்னார்: "பொட்டியில தெரியறது உன்னுது இல்லம்மா. அது ஜன்னல். அந்தாண்ட ஆள் இருந்தாதான் மாறும்."

அதனால்தான், அவர் ஊரான பழவேற்காட்டில் அவரை அடக்கம் செய்து சில நாள் கழித்து, மதிய உணவு முடிந்து வந்து உட்கார்ந்த நான் திரையைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். பெட்டியில் வரி மாறியிருந்தது. "வீட்டுக்கு வந்துவிட்டேன்."

தேவராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பக்கத்தில்கூட வரவில்லை, கதவருகே நின்றான். "எடுத்துடு சுமதி. நல்லால்ல." மறுநாள் இன்னொரு வரி: "வீட்டில்தான் இருக்கிறேன். காற்று அதிகம்." அன்று பழவேற்காட்டில் காற்று அதிகம்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு வரி நிரலை அழித்துவிட எனக்கும் ஆசைதான், மறுக்கவில்லை. விரல் போனது, அழுத்த மனம் வரவில்லை. அடுத்த லீவு நாளில் பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன்.

பாயின் மனைவி ஹாஜிரா இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தவர் சில மாதங்கள் வீட்டை விட்டு வெளியே வராத, வெளி ஆண்களைப் பார்க்காத காலம் அது. தேவராஜ் வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பான். என்னை ஹாஜிரா உள்ளறைக்கு அழைத்துப்போய், நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"நாந்தான் எழுதுனேன் சுமதி. மாத்தறதுக்கு அவரு சொல்லிக் குடுத்திருந்தாரு. ஊட்டுக்கு எடுத்தாந்துட்டோம், அதுல மட்டும் ரோட்டுலயே நின்னுக்கினு கீறாரு. எவ்ளோ நாளு நிப்பாரு?"

"அப்புறம் எழுதினது?"

"அது நானு. நாந்தான ஊட்டுல இருக்கேன்." தலையைக் குனிந்துகொண்டார். "வெளிய போவ முடியாது. இதுல எழுதுனா உங்க எல்லார் ஊட்டுலயும் போய் நிக்குது. பயந்துட்டீங்களா? வேணாம்னா எடுத்துடுங்க."

தன் ஃபோனில் பாயின் பக்கத்தைக் காட்டினார். வரிக்குக் கீழே பாயும் ஒரு பெட்டி வைத்திருந்திருக்கிறார், அதில் என் பக்கம். எனக்கு அதுவரை தெரியாது. அந்த என் பக்கத்துக்குள், பாயின் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில், வெறும் வெள்ளைக் கட்டம். ஒரு பக்கம் தனக்குள்ளேயே மறுபடி வருவதை பிரவுசர் விடாது. அவ்வளவுதான் காரணம், நான் விளக்கிச் சொன்னேன். ஹாஜிரா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த வெள்ளையையே பார்த்தபடி, "இதுல ஒண்ணும் வர்றதில்ல. இருந்தாலும் இதத்தான் பாத்துக்கினு இருப்பேன்" என்றார். நானும் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வரி நிரல்தான். தேவராஜ் இன்னமும் முறைக்கிறான். நான் எடுக்கப் போவதில்லை. இன்று காலை பெட்டியில் ஒரு கேள்வி இருந்தது: "சாப்பிட்டாச்சா?" எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு, பழவேற்காட்டில் அந்த ஃபோனில் தெரியும்படி, என் பக்கத்தின் முதல் வரியில் பதில் எழுதினேன்: "இன்னும் இல்லை. நீங்க?"