ரூரல் என்று அச்சடித்த அட்டை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்பதும் மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தால்தான் எனக்கு இந்த வினை வந்தது. ஆனாலும் வாயால் சொல்லத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம். கட்டிக்கொடுத்தது டவுனை ஒட்டிய இந்த ஊரில். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு காலும் சரியில்லை. கட்டிலில்தான் கிடக்கிறார். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மில்லு வேனில் என் வயசுக்காரியை ஏற்றமாட்டார்கள், ஏற்றினாலும் பொழுது சாய்ந்துதான் இறக்கிவிடுவார்கள். நூறு நாள் வேலை ஒன்றுதான் எனக்குத் தோதாக இருந்தது. கண்மாயில் மண் வெட்டுவேன், வேலையை மேற்பார்க்கிற பெண்ணிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி அவரைப் புரட்டிவிடுவேன், திரும்பவும் ஓடிவந்து கூடையைத் தூக்குவேன். அந்தப் பெண் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இப்படி இருக்கும்போது, ஊரை டவுனோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கண்மாய்க் கரையில் கஞ்சி குடிக்கும்போது எல்லாரும் சிரித்தார்கள்.

“இனிமே நம்மளும் டவுன்காரிகதான். மதினி, சேலைய விட்டுட்டுச் சுடிதாருக்கு மாறிருங்க,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“வாயில பல்லே இல்ல, சுடிதாரு ஒண்ணுதான் கொறச்சலாக்கும்,” என்றேன். நான் அப்படிப் பேசியது எனக்கே அதிசயம்.

மேற்பார்க்கிற பெண் மட்டும் சிரிக்கவில்லை. “சிரிங்க, சிரிங்க. டவுனாயிட்டா இந்த நூறு நாள் வேலை அட்டை செல்லாதுக்கா. இது கிராமத்துக்கு உள்ள வேலை.”

கஞ்சியை அப்படியே மூடி வைத்தேன். மறுநாள் அட்டையை எடுத்துக்கொண்டு புதுக் காலனிக்குப் போனேன். அங்கே இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருத்தர் என்னிடம் முருங்கைக்கீரை வாங்குவார். அட்டையில் அச்சடித்திருந்த இங்கிலீஷில் ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

“இந்தா, ரூரல்னு போட்டிருக்கு பாருங்க. கிராமத்துக்கு உள்ளதுன்னு அர்த்தம். லத்தீன்னு ரொம்பப் பழைய பாஷை, அதுல இருந்து வந்தது. அதுல ரூஸ்னா, டவுனுக்கு வெளிய கெடக்கிற காடுகரை, வயவரப்பு. பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், எல்லாத்துலயும் இதே மாதிரி ரூரல்தான். இத்தாலியில ரூராலேம்பாங்க.”

“அந்தத் தேசத்துலயும் இந்த வார்த்தைய அழிச்சிட்டா வேலைய நிப்பாட்டிருவாகளாம்மா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு வார்த்தைதான் தெரியும்,” என்றார்.

வழியெல்லாம் ரூரல், ரூரல் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இத்தனை தேசத்தில் நிலைத்து நிற்கிற வார்த்தை, எங்கள் ஊரில் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நிற்கக் கூடாதா என்றிருந்தது.

கிராம சபை கூடியது. பெண்கள் எல்லாரும் அட்டையோடு போனோம். “நாங்க கிராமந்தான் சார், எங்களச் சேக்காதீக,” என்று சத்தம் போட்டார்கள். வந்திருந்த அதிகாரி கோபப்படவில்லை.

“நீங்களே மனு குடுத்திருக்கீங்களேம்மா. ‘இங்கே யாரும் வெள்ளாமை செய்வதில்லை, நாங்கள் டவுனைச் சேர்ந்தவர்கள்’னு எழுதியிருக்கு.”

அது நான் எழுதிய வரி.

சில வருசத்துக்கு முன்னால், வீட்டுக்காரருடைய கால் கறுத்துப்போன அன்று, ஊருக்குள் பஸ்ஸு வராததால், பஸ்ஸு நிற்கிற பாளையம்பட்டி வரை அவரை லோடு ஆட்டோவில் கிடத்திக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகுதான் பஸ்ஸும் தெருவிளக்கும் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதத் தெரிந்தவள் என்று என்னை உட்கார வைத்தார்கள். டவுனுக்குத்தான் பஸ்ஸு விடுவார்கள் என்று நினைத்து, கொஞ்சம் கூட்டியே எழுதினேன். வெள்ளாமை இல்லை என்றேன். அந்த வருசம்கூட வடக்கே இரண்டு புஞ்சையில் கம்பு நின்றது. அதை எழுதவில்லை. பஸ்ஸு வந்தது, ஏழெட்டு மாசம் ஓடியது, நின்றுபோனது.

“வேற யாரும் பேசுறீங்களா?” என்றார் அதிகாரி. நான் எழுந்து நின்றேன். அந்த மனுவை எழுதியது நான், அது பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

“ஏன் மதினி எந்திரிச்சீக?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“கால் மரத்துப்போச்சு,” என்றேன்.

ஊரைச் சேர்த்துவிட்டார்கள். வேலை நின்று இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. “இன்னைக்கு வேலை உண்டா?” என்று காலையில் கேட்கிறார். “உண்டு, போறேன்,” என்று மம்பட்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போய்க் கருவேல நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். நேரத்துக்கு ஓடிவந்து புரட்டிவிடுகிறேன். மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் அவருக்குத் தெரியாது. நேற்று, “என்ன, சேலையில மண்ணே ஒட்டலயே?” என்றார். இன்றைக்கு வரும் வழியில் முந்தானையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். இது எத்தனை நாளைக்கு ஓடும்?

ஆபீஸில் பைல் பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். நான் எழுதியது கோடு போட்ட நோட்டுத்தாள், பச்சை மை, ஓரத்தில் எண்ணெய்க் கறை. அதிகாரி சொன்ன மனு அதுதானா, வேறு யாரும் எழுதியதா என்று பாருங்கள். அந்த மனு கைக்கு வருவதற்கு முன்னாலேயே ஊரை டவுனோடு சேர்ப்பதென்று முடிவெடுத்திருந்தார்களா என்றும் பாருங்கள். தேதி எனக்கு ஞாபகம் இல்லை. டீச்சரம்மா சொன்ன லத்தீன் வார்த்தையை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்பதையும் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும். வடக்குப் புஞ்சையில் கம்பு நின்றது மட்டும் நிச்சயம். அதை அந்த மனுவில் இப்போதாவது சேர்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.