காரணி கிடைக்காத எண்

என் கணவரை நினைத்தால் முதலில் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம்தான் காதில் விழுகிறது. மரக்காணத்தில் உப்பளத்துக்கு எதிரே இருந்த எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் அது ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். உப்புக்காற்றில் அதன் தகரப்பெட்டி துருவேறிப் பொரிந்திருந்தது. அவர் திண்டிவனம் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். எங்களுக்குக் குழந்தையில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் ஓர் எண்ணின் காரணியைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு, நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு. இப்படி வருகிற விடையை அதனாலேயே பெருக்கிக்கொண்டு இருபது தடவை போய், கடைசியில் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் எண் அது. எழுதினால் மூன்று லட்சம் இலக்கங்களைத் தாண்டும். அது பகு எண், அதாவது வேறு சிறிய எண்களின் பெருக்கல்தான், என்று நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அவை எந்த எண்கள் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

கல்யாணமான புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. “எதால வகுபடும்னே தெரியாம, வகுபடும்னு மட்டும் எப்படிங்க சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“பகா எண்ணா இருந்தா ஒரு கணக்குல இன்ன மீதிதான் வரணும்னு இருக்குது. போட்டுப் பாத்தாங்க, வரல. அப்போ அது பகா எண் இல்ல. அவ்ளோதான் அந்தக் கணக்கு சொல்லும். எது எதுன்னு சொல்லாது” என்றார். ஏதோ ஏமாற்றுவேலை என்றே எனக்குப் பட்டது.

ஒரு நாள் முகம் மழிக்கும்போது கழுத்தில் ஒரு கட்டி அவர் கைக்குத் தட்டுப்பட்டது. புதுச்சேரியில் சதையெடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். “இது வேற எங்கயோ ஆரம்பிச்சு இங்க பரவியிருக்கு சார். எங்கன்னு தெரியல. சில பேருக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடும்” என்றார் டாக்டரம்மா.

“கேன்சர்தான்னு மட்டும் நிச்சயமா?”

“நிச்சயம் சார்.”

சரியான விடை சொன்ன மாணவியைப் பார்ப்பதுபோல அவர் தலையசைத்தார். திரும்பி வரும்போது, பஸ் பொம்மையார்பாளையத்தைத் தாண்டியதும் தனக்குத்தானே சிரித்தார். “நம்ம நம்பர் மாதிரியே ஆயிடுச்சு பாரு.” என்னால் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பயத்தைச் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் மழை சீக்கிரமே வந்தது. பாத்திகளெல்லாம் மூழ்கி, உப்பளம் சாம்பல் நிறத்தில் ஒரே தண்ணீராகக் கிடந்தது. அவர் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். போர் தண்ணி என்றார்கள், முந்திரிக்கு அடிக்கிற மருந்து என்றார்கள். மறைவாகக் குடிப்பாரா என்றுகூட ஒருவர் என்னிடம் கேட்டார். மழை விடுவதற்குள் அவர் போய்விட்டார்.

கருமாதியன்று இடையஞ்சாவடியிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினார். “இந்தப் பொட்டி பக்கத்துலயே உக்காந்து உக்காந்துதாம்மா அவனுக்கு வந்துச்சு. நான் எடுத்துட்டுப் போயிட்றேன்” என்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“பொட்டியால இல்லம்மா. எங்க அப்பாவும் கழுத்து வீங்கித்தான் செத்தாரு. எங்க ரத்தத்துல இருந்துச்சா? நான் குடுத்ததா?”

எங்களோடு வந்து தங்கியிருந்த அத்தனை நாளும் அவர் ஏன் மகனின் கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் வாசற்படியிலேயே நின்றிருந்தார் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. அருகில் போய் உட்கார்ந்தேன்.

“எங்கேருந்து வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல, அத்தை.”

“தெரியலன்னா? நான் இல்லன்னு ஆயிடுமா?”

ஆகாது. என் கணவரோடு அத்தனை வருஷம் வாழ்ந்ததில், தெரியாததற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும்.

“நீங்க இல்ல, அத்தை” என்றேன். “நிச்சயமா நீங்க இல்ல.”