அரைச் செங்கல் கனத்துக்கு ஒரு பை

பைக்குள் அரைச் செங்கல்லை இறக்கி, ஜிப்பை இழுத்து மூடி, இடது தோளில் மாட்டிக்கொண்டு, கடைவாசலிலிருந்து எதிர்ப் பெட்டிக்கடை வரைக்கும் இருபது தப்படி நடந்து போவார் தெய்வசிகாமணி. அங்கே நின்று, தரையில் எதையோ கண்டெடுப்பவர்போலக் குனிவார். நிமிர்ந்து, பக்கத்துக் கடையின் படியில் இரண்டு ஏறி, இரண்டு இறங்கித் திரும்பி வருவார். வந்ததும் தலையைச் சாய்த்துத் தோளைக் கொஞ்ச நேரம் கவனிப்பார், அது ஏதோ சொல்லப்போகிற மாதிரி.

“வலிக்குதுங்க,” என்பார்.

“உள்ள கல்ல வெச்சிக்கினு மாட்டுனா வலிக்காம என்னா செய்யும்?” என்பார் பைக்கடை அரிகிருஷ்ணன். “பை வாங்க வர்றவங்க ஜிப்பு ஓடுதான்னு பாப்பாங்க. நீ ஒருத்தன்தான் கல்லெடுத்துக்கினு வர்ற. ஞாயித்துக்கெழம மொத ஆளா கையில கல்லோட ஒருத்தன் வந்து நின்னா, கடைக்காரன் என்னான்னு நெனைக்கறது?”

“இது கல்லு இல்ல மொதலாளி. கேமரா.”

அவர் சொன்னது ஒருவகையில் நிஜம். பெரிய மார்க்கெட்டில் ஒரு கத்தரிக்காய்க்காரரைக் கெஞ்சி, தராசின் ஒரு தட்டில் கேமராவையும் மறுதட்டில் செங்கல்லையும் வைத்து, செங்கல்லைத் தரையில் தேய்த்துத் தேய்த்து முள் நடுவில் நிற்கும்வரை கொண்டுவந்திருந்தார். அசல் கேமராவைக் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைய அவருக்கு மனசு வராது. தவறி விழுந்தால் போச்சு. செங்கல் விழுந்தால் கடைக்காரர் காலோடு போய்விடும்.

தெய்வசிகாமணி பஞ்சாலையில் தறி ஓட்டுகிறவர். வாரத்தில் ஆறு நாள் நூலைப் பார்ப்பார். ஏழாம் நாள் ஆட்களைப் பார்ப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு சொல்தா, மகளோடு பாரீசுக்குக் குடியேறும்போது கொடுத்துவிட்டுப் போன கேமரா அது. மேல்மூடியைத் திறந்து, வயிற்றோடு வைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே பார்க்கவேண்டிய பெட்டி. பார்க்கிறவர்களுக்கு அவர் படம் எடுப்பதாகவே தோன்றாது. தன் வயிற்றைப் பார்த்து ஏதோ கவலைப்படுகிறார் என்று விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே பெட்டிக்குள் விழுந்துவிடும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். மாதத்துக்கு ஒரு சுருள்.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய அம்மாவாசை இறந்தபோது, மாலை போட ஒரு படம் இல்லாமல் அவர் பிள்ளைகள் அல்லாடினார்கள். கடைசியில் தெய்வசிகாமணியிடம்தான் ஒன்று இருந்தது. தலையில் வெங்காய மூட்டையோடு, யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே சிரிக்கிற அம்மாவாசை. மூட்டையை வெட்டினால் பாதித் தலையும் போய்விடும் என்பதால், மூட்டையோடேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மாலையை மூட்டையின் மேலிருந்துதான் போடவேண்டியிருக்கிறது.

தொல்லை, சொல்தா கொடுத்த பையால் வந்தது. பட்டாளத்துத் தோல், பித்தளை வளையம், இரண்டு வார்ப்பட்டை. கேமராவைவிடப் பை கனம். இருபது வருஷம் தறியோடு மல்லுக்கு நின்ற தோள், இந்தக் கனத்தையும் இரண்டு வருஷம் தாங்கிவிட்டு, ஒருநாள் மேலே எழும்ப மறுத்துவிட்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில், “கனமாக எதையும் தோளில் மாட்டாதீர்கள்” என்றார் டாக்டர். கனமில்லாததை மாட்டலாம் என்று தெய்வசிகாமணி எடுத்துக்கொண்டார். வலது தோளில் மாட்டினால் என்ன என்று கேட்கலாம். அது பிறவியிலேயே சரிவு. எந்தப் பையும் அதில் நிற்காது.

அவர் மனைவி அஞ்சலாட்சி வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“கை தூக்கலன்னா தறி ஓடாது. தறி ஓடலன்னா சோறு ஓடாது. மாசி மகம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒந்தோளு நோவாத பையா பாத்துக்க. இல்லன்னா பொட்டிய ஸ்டூடியோ தேவதாஸ்கிட்ட தள்ளிவுட்டுரு.”

தேவதாஸ் அந்தப் பெட்டிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தார். அப்போது மாசி மகத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

முதலில் வாங்கியது கறுப்பு ரெக்சின் பை. கனமே இல்லை. மகிழ்ந்துபோய், வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போனார். அது எழுபத்தேழாம் வருஷக் கடைசி. கறுப்புப் பையோடு வந்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு போன குடும்பக் கட்டுப்பாட்டுக் கெடுபிடியை ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. தெருமுனையில் இவர் தலை தெரிந்ததும் ஊரில் ஆண்பிள்ளை வாசனையே இல்லாமல் போயிற்று. “ஆம்பளைங்க ஒருத்தரும் இல்லீங்க, எல்லாம் ஊருக்குப் போயிருக்காங்க,” என்று ஒரு பெண் சொல்லும்போதே, அவளுக்குப் பின்னால் வைக்கோல் போரிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கரும்புக்குள் ஓடியவர்களில் ஒருவருக்கு எழுபது வயது இருக்கும். ஆனால் அவர்தான் முன்னால் ஓடினார்.

அடுத்தது காக்கித் துணிப் பை. தோளுக்கு இதம். முத்தியால்பேட்டையில் நுழைந்தவுடன் ஒரு வாசலில் நின்ற அம்மாள், “பிரான்சுல இருந்து கடுதாசி வந்துச்சா?” என்று கேட்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல தெய்வசிகாமணிக்கு வாய் வரவில்லை. “நாளைக்கு வரும்மா,” என்றார். அந்தத் தெருவில் ஏழு வீட்டுக்கு நாளைக்கு வரும் என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் வாரம் அசல் தபால்காரர் வீடு தேடி வந்துவிட்டார்.

“ஏன்யா, நீ பாட்டுக்கு நாளைக்கு வரும்னுட்டுப் போயிடற. மறுநாள் ஏழு வூட்டுலயும் எங்கூட சண்ட போடறாங்க. வந்த கடுதாசிய நான் அமுக்கிட்டேனாம். ஒண்ணு கடுதாசிய நீயே எழுதிக் குடு, இல்ல பைய மாத்து.”

ஜோல்னாப் பையில் கேமரா முழங்காலுக்கு இறங்கி, எட்டுக்கு ஒருதரம் முட்டியில் இடித்தது. தோளை விட்டு வலி முட்டிக்கு வந்ததைத் தவிர லாபம் ஒன்றுமில்லை. அதோடு டீக்கடையில் யாரோ, “தோழர், கூட்டம் எத்தினி மணிக்கு?” என்று கேட்டார்கள். இவர் தெரியாது என்றதும், “ரகசியக் கூட்டமா?” என்று குரலைத் தாழ்த்தினார்கள்.

மாசி மகத்துக்கு ஒரு மாதம் இருக்கையில்தான் அடுக்களை ஆணியில் தொங்கிய ஒயர் கூடை அவர் கண்ணில் பட்டது. அஞ்சலாட்சி பின்னியது. எடையே இல்லை. தோளில் மாட்டத் தேவையில்லை, வலது கையில் தொங்கவிடலாம். ஒயர்களுக்கு நடுவே சரியாக லென்ஸ் அளவுக்கு ஓர் இடைவெளி. கூடைக்குள் குனிந்தால், காய் எண்ணுவதாக நினைப்பார்களே தவிர வேறு சந்தேகம் வராது. இரண்டு ஞாயிறு பெரிய மார்க்கெட்டில் சுற்றினார். “என்னா மச்சான், வூட்டுல ஒடம்பு சரியில்லயா?” என்று ஆலைக்காரர்கள் கேலி செய்ததை அவர் காதில் வாங்கவில்லை. நடையே மாறிவிட்டது. கூடையை வீசிக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் ஞாயிறு தேங்காய்த்திட்டுக்குப் போனார். படகு கரைக்கு வந்திருந்த நேரம். மீன்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கன்னியம்மாள், கொண்டையை அவிழ்த்து உதறி முடிந்துகொண்டே பக்கத்துக்காரியிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள். வெயில் சரியாக இருந்தது. தெய்வசிகாமணி கூடையை அவளுக்கு நேராக நீட்டிப் பிடித்து, தலையைக் கூடைக்குள் விட்டுக் காத்திருந்தார். அவளும் பேச்சை நிறுத்தாமலே இரண்டு கையாலும் அள்ளி, வழிய வழிய ஈர சங்கரா மீனைக் கூடைக்குள் கொட்டினாள்.

“ஐயையோ, என்னாம்மா பண்ற?”

“நீ என்னா பண்ற? கூடைய எம்மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கினு நிக்கற. மீனு போடாம பூவா போடுவாங்க?”

“படம் எடுக்கறேம்மா.”

“கூடையிலயா?” கன்னியம்மாள் பக்கத்துக்காரியைத் தட்டிக் கூப்பிட்டாள். “ஏ, இங்க பாருடி, இந்த அண்ணன் கூடையில படம் புடிக்குதாம். நம்மள எங்க புடிச்சிது, நம்ம மீன புடிச்சிருக்குது.”

திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, முதல் போணி, கையால் போட்டதைக் கையால் எடுக்கமாட்டேன் என்றுவிட்டாள். கேமராவின் மேல்மூடிக்குள் செதில், சுருள் சுற்றுகிற சாவியின் துவாரத்தில் செதில். வீடு வரைக்கும் இரண்டு பூனைகள் கூட வந்தன. அஞ்சலாட்சி மீனை வாங்கிக் குழம்பு வைத்தாள். அவர் ராத்திரிவரை தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றிக் கேமராவைத் துடைத்தார். மறுநாள் தானாகவே போய் தேவதாசை வரச் சொல்லிவிட்டார். மாசி மகத்துக்கு மூன்று நாள் இருந்தது.

தேவதாஸ் பெட்டியைக் கையில் வாங்கியதும் மூக்கைச் சுளித்தார்.

“என்னாண்ணே, கருவாட்டு வாசன அடிக்குது.”

“போயிரும்.”

“போவலன்னாலும் பரவால்ல. கல்யாணத்துக்கெல்லாம் புதுசு வெச்சிருக்கேன். இது சாவு வூட்டுக்கு. நாற்காலியில உக்கார வெச்சி, நாடிய கட்டி வெச்சிருப்பாங்க. ஆடாது, அசையாது. இந்தப் பொட்டிக்கு ஏத்த ஆளுங்க. வாசனயப் பத்தி அவங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க.”

தேவதாஸ் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். தெய்வசிகாமணி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

“அத இப்பிடி குடு தம்பி.”

“ஏங்க்கா, நீங்கதான தள்ளிவுடச் சொன்னீங்களாம்.”

“சொன்னேன். இது திரியறவங்கள, திட்டறவங்கள, சிரிக்கறவங்கள பாத்துப் பழகின பொட்டி. இத இட்டுகினு போயி எழவு வூட்டுல வெக்காத. போயிட்டு வா.”

தேவதாஸ் போனதும் தெய்வசிகாமணிதான் கேட்டார். “அப்ப தோளு?”

அவள் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, துளசிச் செடிக்குப் பக்கத்தில் நிழலில் காயவைத்தாள்.

மாசி மகத்தன்று விடியலில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றார். அஞ்சலாட்சி வந்தாள். கேமராவை முந்தானையில் வைத்துச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரோடு படம் எடுக்கப் போனதில்லை.

“நட,” என்றாள். “எடுக்கணும்னா கேளு, தரேன். எடுத்ததும் என்கிட்ட குடுத்துரணும்.”

வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வரிசையாக வந்து இறங்கியிருந்தன. ஓரிடத்தில் பல்லக்குத் தூக்கிகள் நாலு பேர், சாமியை மணலில் இறக்கி வைத்துவிட்டு, முழங்கால் அலையில் நின்று ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெய்வசிகாமணி நின்றார். கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார். அஞ்சலாட்சி முடிச்சை அவிழ்த்துக் கேமராவை அந்தக் கையில் வைத்தாள்.

அவர் குனிந்தார். பீடி மூன்றாம் ஆளிடம் போகட்டும் என்று காத்திருந்தார். அவள் காலியான முந்தானையை இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கூட்டத்தோடு போன பெரியவர் ஒருவர், வேண்டுதலுக்கு மடிப்பிச்சை ஏந்துகிறாள் என்று எண்ணி, பக்தியோடு ஒரு பத்துப் பைசாவை அதில் போட்டுவிட்டுப் போனார். அஞ்சலாட்சி காசைப் பார்த்தாள், போகிற பெரியவரைப் பார்த்தாள். விரித்த முந்தானையை இறக்கவில்லை.