கழன்று விழுந்த தாலிக்கொடி

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பாலர் பாடசாலை டீச்சர். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் குறுக்குப் பாதையில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மேல் லயத்துக்காரன் ஒருவன் பின்னால் வந்து என் வாயைப் பொத்தினான். மற்றக் கையால் தாலிக்கொடியைப் பிடித்து முறுக்கினான். லேசில் வரவில்லை. என் அப்பா கெட்டியாகத்தான் செய்து போட்டிருந்தார். கழுத்தைக் கிழித்துக்கொண்டுதான் அறுந்தது.

வீட்டில் மாமியார் ரத்தத்தைப் பார்க்கவில்லை. வெறுங்கழுத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அறுத்துட்டான்கிற பேச்சே ஒன் வாயில வரக்கூடாது. எம்மவன் கண்காணாத ஊருல கெடக்கான். கொக்கி தளந்து தண்ணி புடிக்கிற பீலியில கழண்டு விழுந்துச்சு, அவன் எடுத்துக்கிட்டு ஓடிட்டான்னு சொல்லு."

தாலி அறுந்தவள் என்றால் எங்களிடம் விதவை. கயிறு நைந்து போனால்கூட 'பெருகிருச்சு' என்றுதான் சொல்வோம். என் புருஷனோ கட்டாரில் உயரமான சாரத்தில் நின்று வேலை செய்கிறவர். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. காயத்தில் கோப்பித்தூளை அப்பி, புது மஞ்சள் கயிற்றை அதன் மேலேயே கட்டிவிட்டார் மாமியார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பொலிசில் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தேன். தண்ணீர்ப் பீலியடியில் விழுந்த நகையை எடுத்தவன் என்று அவனைப் பிடித்தார்கள், பிணையில் விட்டார்கள். நகையை அதற்குள் உருக்கி விற்றிருந்தான்.

வெளியே வந்தவன் அதே பாதையில் கல்லில் உட்கார்ந்திருந்தான். "கழுத்து ஆறிருச்சா டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தான். தினமும் நான் நடக்க வேண்டிய பாதை அது. இவன் உள்ளே போகாவிட்டால் நான் நிம்மதியாக நடக்க முடியாது.

பதுளையில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து அம்மா. கழுத்தைத் தொடக்கூட இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, சும்மா எடுத்தால் களவு. எடுக்கிறதுக்காக அடிச்சோ, காயப்படுத்தியோ, இப்ப அடிப்பன் எண்டு பயப்படுத்தியோ இருந்தால்தான் கொள்ளை. கழண்டு விழுந்தது எண்டு நீரே சொல்லிப்போட்டீரே!"

அவர் அலைந்து திரிந்து வழக்கைக் கொள்ளையாக மாற்ற வைத்தார். அவன் களவை மட்டும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். நான் கூண்டில் ஏறினேன். மாமியார் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்: "முறுக்கி அறுத்தான்." கயிற்றை விலக்கித் தழும்பையும் காட்டினேன்.

அவனுடைய சட்டத்தரணி அலட்டிக்கொள்ளவில்லை. பொலிசில் அறுத்தான் என்று சொன்னீர்களா? இல்லை. வைத்தியரிடம் காட்டினீர்களா? இல்லை. விறகுச் சுள்ளி கிழித்தாலும் இப்படித் தழும்பு வரும்தானே? வரும். அப்படியானால் அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கொள்ளை நிரூபிக்கப்படவில்லை. களவுக்கு, இப்போது உள்ளே போகத் தேவையில்லாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தார்கள். அவன் எனக்கு முன்னாலேயே படியிறங்கிப் போனான்.

பஸ்ஸில் மாமியார் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்: "அவன் எடுத்ததோட விட்டுட்டான். அறுத்தது நீதான்." அந்தக் கிழவியை அங்கேயே பள்ளத்தில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

சாயங்காலம் புருஷன் பேசினார். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "சபையில போயி ஏன் அப்படிச் சொன்ன? நான் செத்தா போயிட்டேன்?" என்றார். தொடர்ந்து இன்னும் ஏதாவது கேட்பார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டேன். வேறு பாதை இல்லை. கல்லில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"கழுத்து இப்ப எப்படி இருக்கு டீச்சர்?" என்றான்.

இன்றுவரை என்னிடம் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.