நீலப்பூ டைல்

காக்கநாட்டில் வாங்கிய ஃபிளாட்டின் குளியலறைக்கு டைல் பார்க்கப் போயிருந்தேன். நீலப்பூ போட்ட வெள்ளை டைல் ஒன்றைத் தொட்டதும் கடைக்காரர், "சேச்சி, அது சுவருக்குள்ளதாக்கும். தரையில போட்டா வழுக்கும்," என்றார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு அப்போது எட்டு வயது. கொச்சங்காடியில் ஒரு டைல் கிடங்கில் அப்பாவுக்குச் சுமை இறக்கும் வேலை. ஓரம் உடைந்ததென்று ஒதுக்கிய டைல்களை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இதே நீலப்பூ. குனிந்தால் முகம் தெரியும். குளியலறைச் சுவரில் ஒட்டலாம் என்றார் கொத்தனார். தரையில்தான் வேண்டும் என்று நான் அழுது அடம்பிடித்தேன். "புள்ள ஆசைப்படுது, தரையிலயே போட்டுருங்க," என்று அப்பா சிரித்தார். மறுநாள் வெறுங்காலுக்கு அது சில்லென்றிருந்தது.

அம்மா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதே வாரம், துணி அலசிவிட்டு எழுந்தவள் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை இல்லாமல்தான் திரும்பினாள். தம்பியாம். அப்பா உளியை எடுத்துவந்து எல்லா டைல்களையும் பெயர்த்தெறிந்தார்.

பக்கத்து வீட்டுப் பாத்திமா இத்தா அம்மாவிடம், "ஆராக்கும் இதைத் தரையில போடச் சொன்னது?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நான்தான் ஆசைப்பட்டேன், இத்தா," என்றாள் அம்மா.

கடைக்காரர் சொரசொரப்பான சாம்பல்நிற டைலை எடுத்து வைத்தார். அதுவே போதும் என்றேன். அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. அவள் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் இருவரும் கடைசிவரை பேசவேயில்லை.