கொனமாராவில் ஓர் அடுப்புக்கல்

மெல்பேர்னிலிருந்து வந்த களைப்பில், அயர்லாந்தின் கொனமாரா மலைச்சரிவில் ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறேன். கூடவே மனைவிக்கு விரிவுரையும் நடக்கிறது. "மனுசக் கால் படாத இடமப்பா. பச்சைக் கோடு கோடா என்ன வடிவு!"

செம்மறிகளை ஓட்டிவரும் கிழவர் ஒருவரிடம் மெல்பேர்னிலிருந்து வந்ததைச் சொல்லி, அதையே ஆங்கிலத்திலும் அவிழ்த்துவிடுகிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "நீங்கள் இருப்பது ஒரு வீட்டின் அடுப்புக்கல்."

துள்ளி எழும்புகிறேன். புல்லுக்குள் சுவர்களின் அடித்தளம் அப்போதுதான் கண்ணில் படுகிறது. நான் ரசித்த கோடுகள் 1840களின் பெரும் பஞ்சத்துக்கு முன் போட்ட உருளைக்கிழங்குப் பாத்திகளாம். மேட்டில் தெரியும் கற்குவியல் அதற்கும் ஆயிரக்கணக்கான வருடம் முந்தியவர்களின் கல்லறையாம்.

"இந்த வீட்டு ஆட்கள்?" என்று கேட்கிறேன்.

"பாதிப்பேர் பட்டினியில் செத்தார்கள். மற்றவர்கள் கப்பலேறினார்கள், சிலர் உங்கள் மெல்பேர்னுக்கு. ஒருவர் மட்டும் போகவில்லை."

"ஊரை விட்டிட்டுப் படகில மெல்பேர்னுக்கு வந்த உங்களுக்கே, ஆக்கள் விட்டிட்டுப் போன இடம் தெரியேல்லையே?" என்கிறாள் மனைவி.

நான் கிழவரின் பக்கம் திரும்பி, போகாதவரின் பெயரைக் கேட்கிறேன்.

"என்னுடைய பெயர்தான். எங்கள் வீட்டில் மூத்த மகனுக்கு அதைத்தான் வைப்போம்" என்று கையை நீட்டுகிறார். என் கையைக் காற்சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அதைப் பிடிக்கிறேன்.