பழைய பாடகரின் கனத்த குரல்

இசைத்தட்டுப் பாட்டைக் கசெட்டில் பதிந்து விற்கும் ரெக்கோர்டிங் பாரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: ஊருக்குப் பிடித்த பாட்டைத் தினமும் பத்துத்தரம் கேட்டு வெறுப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். யுத்த காலத்தில் நான் அப்படி வெறுத்தது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம்.

கடை ஸ்டிக்கர்

இரவல் கொடுத்த இசைத்தட்டை மற்றக் கடைக்காரர் அமுக்கிவிடக்கூடாதென்று, முதலாளி நானா ஒவ்வொரு தட்டின் நடுவிலும் கடை ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். ஒருநாள் கப்பல்காரர் ஒருவர் இரண்டு தட்டுகளை விற்றுவிட்டுப் போனார். எல்லாவற்றையும் சிந்தசைசரிலேயே வாசிக்கும் இங்கிலாந்துக் குழு ஒன்றின் முதல் இரண்டு அல்பங்கள். பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெதுவாக, கனமாக வந்தது. நானா ஒரு பாட்டு முழுதாகக் கேட்டார்.

"தம்பி, இது பாட்டா, மௌத்து விழுந்த வீடா?"

ஒரேயொரு ரசிகை

அதை விரும்பி வாங்கியவள் ஒருத்திதான். கொட்டாஞ்சேனை பிலோமினா, கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் டைப்பிஸ்ட். கசெட் தேய்ந்துவிட்டதென்று மூன்றுதரம் வந்தாள். எனக்கும் அந்தக் குரல் பிடிக்கும் என்றேன். சொன்ன அன்று அது பொய். ஒரு மாதத்தில் உண்மையாகிவிட்டது. அப்படி என்ன கண்டீர்கள் என்று கேட்டேன்.

"அவசரப்படாத ஆம்பிளை ஒருத்தரை இப்பதான் கேக்கிறன்."

சோதனைச்சாவடி

நான்காவது பிரதியை நானே கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். சாவடியில் சிப்பாய் அடையாள அட்டையை விட்டுவிட்டு கசெட்டைப் பிடித்துக்கொண்டான். என் வாக்மனில் போட்டுக் காதில் வைத்தான். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, இரக்கத்தோடு திருப்பித் தந்தான்.

"மல்லி, இந்த ஆளுக்குச் சுகமில்லையா?"

புதுப் பாடகர்

மூன்றாவது அல்பத்தில் பாடகர் மாறினார். துள்ளல் குரல், காதல் பாட்டு, கொழும்பே வாங்கியது. நானா உற்சாகமாகிப் புது ஸ்டிக்கர் அடித்தார். பழையதை உரிக்கும் வேலை எனக்கு. முதல் அல்பத்தில் உரித்தபோது, அடியில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்று அச்சடித்திருந்தது. பெரிய தட்டென்றால் முப்பத்துமூன்று சுற்றுத்தான் என்று நினைத்து, இத்தனை நாளும் மெதுவாக ஓட்டியிருக்கிறேன். மற்றதும் அப்படியே. சரியான வேகத்தில் போட்டேன். பழையவரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்போலத்தான் பாடினார்.

அதற்குள் எனக்கும் பிலோமினாவுக்கும் கலியாணம் என்று கோயிலில் பாதிரியார் மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலையில், இரண்டு வாசித்தாகிவிட்டது. அந்தக் குரலை வைத்துத்தான் அவளைப் பிடித்தேன். இப்போது குரலே பொய். சொல்லாமல் கட்டுவதா? அவளைக் கடைக்குக் கூப்பிட்டு, சரியான வேகத்தில் தட்டைப் போட்டேன். முதல் பாட்டு முடியும்வரை முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டாள். பிறகு உரித்த ஸ்டிக்கரை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அப்ப அவசரப்படாத ஆள் நீங்கள்தான். இதைத் திருப்பி ஒட்டிப்போட்டு வாங்கோ, மூண்டாவது ஓலைக்கு நேரம் போகுது."

பல வருடம் கூட வாழ்ந்து அவள் கண்மூடிய பிறகும் அந்த இரண்டு அல்பங்களையும் பிழையான வேகத்தில்தான் போட்டுக் கேட்கிறேன். பாடகர் மாறியதற்காகக் குழுவைத் திட்டாத ஒரே பழைய ரசிகன் நானாகத்தான் இருப்பேன், எங்கள் வீட்டில் மெதுவாகப் பாடியவர் அந்தக் குழுவில் இருந்ததே இல்லையே.